ஆசைகள் பல, பாதை எது?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்துவிட்டால் போதும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் உங்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "அடுத்து என்ன குரூப் எடுக்கப் போகிறாய்?" மாமா கேட்பார், அத்தை கேட்பார், பால் ஊற்ற வருகிறவர்கூடக் கேட்பார்.

ஒரே ஒரு பாடத்தில் மட்டும் ஆசை உள்ளவருக்கு இது சுலபமான கேள்வி. சட்டென்று பதில் சொல்லிவிடுவார். ஆனால் உங்களுக்குக் கணக்கும் பிடிக்கும், படம் வரையவும் பிடிக்கும், குளத்தங்கரையில் தவளைக் குஞ்சுகளைக் கவனிக்கவும் பிடிக்கும், கதை எழுதவும் பிடிக்கும் என்றால்? எதைச் சொல்வது? ஒன்றைச் சொன்னால் மற்ற மூன்றும் கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் வருகிறது, இல்லையா?

நண்பர்களே, இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. பெரிய விஞ்ஞானிகள் பலர் உங்கள் வயதில், அல்லது அதைவிடச் சற்று அதிக வயதில், இதே குழப்பத்தில் நின்றிருக்கிறார்கள். ஐந்து பேரைப் பற்றி இங்கே பார்ப்போம். ஐவரும் ஐந்து விதமாக இந்தக் கணக்கைத் தீர்த்தார்கள்.

17 பக்கங்கள் தந்த பதில்

கவராயத்தையும் அளவுகோலையும் மட்டும் வைத்து ஆறு சம பக்கங்கள் கொண்ட உருவத்தை நீங்கள் வரைந்திருப்பீர்கள். ஒரு வட்டம் போட்டு, கவராயத்தின் அகலத்தை மாற்றாமல், வட்டத்தைச் சுற்றி வெட்டிக்கொண்டே வந்தால் ஆறு புள்ளிகள் கிடைக்கும். அவற்றைச் சேர்த்தால் போதும். ஐந்து பக்கங்கள் கொண்ட உருவத்தையும் இப்படி வரையலாம் என்று பண்டைய கிரேக்கர்கள் கண்டுபிடித்தார்கள். ஆனால் 17 சம பக்கங்கள்? முடியுமா, முடியாதா என்று 2000 ஆண்டுகளாக யாருக்கும் தெரியவில்லை.

ஜெர்மனியில் கார்ல் பிரெடெரிக் காஸ் என்ற மாணவர் கல்லூரிக்குப் போனபோது அவருக்கு இரண்டு ஆசைகள் இருந்தன. ஒன்று கணிதம். மற்றொன்று மொழிகள். கிரேக்கம், லத்தீன் முதலிய பழைய மொழிகளின் ஆராய்ச்சியில் அவருக்கு அவ்வளவு ஈடுபாடு. எதை எடுப்பது என்று முடிவு செய்யாமலே படித்துக்கொண்டிருந்தார்.

1796-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள், 19 வயது நிறைய ஒரு மாதம் இருக்கும்போது, 17 பக்க உருவத்தைக் கவராயத்தாலும் அளவுகோலாலும் வரைய முடியும் என்பதற்கு நிரூபணம் கண்டுபிடித்தார். அன்றைய தேதியிட்டு ஒரு கணிதக் குறிப்பேட்டையும் தொடங்கினார். கணிதமே தன் வழி என்று உறுதி செய்தது இந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகுதான்.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? கன்னத்தில் கை வைத்துக்கொண்டு யோசித்து அவர் முடிவுக்கு வரவில்லை. ஒரு கணக்கில் ஆழமாக இறங்கி வேலை செய்தார். அந்த வேலையே பதில் சொன்னது. மொழி ஆசை என்ன ஆயிற்று? அது எங்கும் போகவில்லை. அறுபது வயதைக் கடந்த பின் காஸ் ரஷ்ய மொழியைக் கற்றுக்கொண்டார்!

இரண்டையும் செய்து பார்த்தவர்

அடுத்தவர் டாரதி ஹாட்ஜ்கின். 1910-இல் எகிப்தில் பிறந்த ஆங்கிலேயப் பெண்மணி. இவருக்குப் பத்து வயதிலேயே படிகங்களின் மீது ஆசை பிறந்தது. படிகாரக் கரைசலை ஆறவைத்து, அதில் மின்னும் படிகங்கள் வளர்வதைப் பார்த்து மகிழ்ந்தார். பள்ளியில் வேதியியல் அப்போது பையன்களுக்கு மட்டுமே உரிய பாடம். தனி அனுமதி பெற்று அந்த வகுப்பில் சேர்ந்தார்.

இன்னொரு பக்கம் பெற்றோரின் தொழில் இழுத்தது. தந்தை பழங்கால இடங்களைத் தோண்டி ஆராய்கிற தொல்பொருள் ஆய்வாளர். தாய் பழங்காலத் துணிகளைப் பற்றி ஆராய்ந்தவர். 1928-இல், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கு முன், டாரதி தம் பெற்றோருடன் ஜெராஷ் என்ற இடத்துக்குப் போனார். இது இன்றைய ஜோர்டான் நாட்டில் இருக்கிறது. அங்கே பழைய கிறிஸ்தவக் கோயில்களின் தரையில், சிறு சிறு வண்ணக் கற்களைப் பதித்துச் செய்த கோலங்கள் கிடைத்தன. அவற்றை அளவு பிசகாமல் படமாக வரையும் வேலை டாரதிக்கு. அதில் மனம் முழுவதும் தோய்ந்துபோனார். வேதியியலை விட்டுவிட்டுத் தொல்பொருள் ஆராய்ச்சிக்கே போய்விடலாமா என்றுகூட யோசித்தார்.

ஆனால் அவசரப்படவில்லை. ஆக்ஸ்போர்டில் வேதியியல் படித்துக்கொண்டே அந்தப் படங்களை வரைந்து முடித்தார். அங்கிருந்து வந்த வண்ணக் கண்ணாடித் துண்டுகளில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று ஆய்வுக்கூடத்தில் சோதித்தும் பார்த்தார். இரண்டு வேலைகளின் ருசியும் கையோடு தெரிந்த பிறகு வேதியியலில் நிலைத்தார்.

அதிலும் எந்தப் பிரிவு தெரியுமா? எக்ஸ் கதிர்ப் படிகவியல். படிகத்துக்குள் அணுக்கள் புள்ளிக் கோலத்தைப் போல ஒழுங்காக அமைந்திருக்கும். ஒரு சிறு பகுதியின் அமைப்பு தெரிந்துவிட்டால், அதே அமைப்புத் திரும்பத் திரும்ப வந்து முழுப் படிகமும் ஆகிறது. படிகத்தின் மீது எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் அது சிதறிப் புகைப்படத் தகட்டில் புள்ளிகளாக விழும். அந்தப் புள்ளிகள் எங்கே விழுகின்றன, எவ்வளவு அழுத்தமாக விழுகின்றன என்று அளந்து, கணக்குப் போட்டு, அணுக்கள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கோலத்தின் ஒழுங்கை நுணுக்கமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது எவ்வளவு பொருத்தமான வேலை, பாருங்கள்!

இந்த முறையால் பெனிசிலினின் அமைப்பை 1945-இல் கண்டுபிடித்தார். பிறகு வைட்டமின் பி12. இந்த வேலைகளுக்காக 1964-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்சுலின் படிகத்தை முதன்முதலில் அவர் படம் பிடித்தது 1935-இல். அதன் அமைப்பு முழுவதும் புலப்பட்டது 1969-இல். நடுவே 34 ஆண்டுகள்! ஆசை மட்டும் இருந்தால் 34 ஆண்டுகள் தாங்காது. நாள்தோறும் செய்ய வேண்டிய அளவெடுப்பும் கணக்கும்கூடப் பிடித்திருக்க வேண்டும்.

கொல்லைப்புறமாகத் திரும்பி வந்த ஓவியம்

ஸ்பெயின் நாட்டில் 1852-இல் பிறந்த சாந்தியாகோ ரமோன் இ கஹால் ஓவியராக ஆசைப்பட்டார். கிடைத்த காகிதத்தில் எல்லாம் வரைவார். தந்தை மருத்துவர். மகனும் மருத்துவராக வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். "ஓவியம் சோறு போடாது" என்பது அந்த ஊர்த் தந்தையரின் எண்ணமும்தான்! படிப்பில் மனம் செல்லாத பையனை முடிதிருத்துபவரிடமும் செருப்புத் தைப்பவரிடமும் வேலை பழக அனுப்பினார். அப்போதும் வரைவது நிற்கவில்லை.

பிறகு தந்தை ஒரு வழி கண்டுபிடித்தார். மகனைப் பழைய இடுகாட்டுக்கு அழைத்துச் சென்று, எலும்புகளைப் பொறுக்கிவந்து, அவற்றைக் காட்டி உடற்கூறு கற்பித்தார். எலும்பை வரைந்து பார்த்த பையனுக்கு உடலின் அமைப்பின் மீதே ஆசை வந்துவிட்டது. 1873-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

அந்தக் காலத்தில் மூளையைப் பற்றி ஒரு பெரிய கேள்வி இருந்தது. மூளையும் நரம்புகளும் மீன் வலையைப் போல ஒரே தொடர்ச்சியான பின்னலா? அல்லது தனித்தனி செல்களா? செல்கள் அடர்ந்த காடுபோல ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் நுண்ணோக்கியில் எதுவும் தெளிவாகத் தெரியாது. இத்தாலியில் கோல்கி என்பவர் ஒரு முறை கண்டுபிடித்திருந்தார். வெள்ளி உப்பைக் கொண்டு சாயம் ஏற்றினால், ஆயிரக்கணக்கான செல்களில் ஏதோ சில மட்டும் கிளைகளோடு கருப்பாகத் தெரியும். கஹால் 1887-இல் இந்த முறையைத் தெரிந்துகொண்டு, அதை மேலும் சீராக்கினார். இளம் பறவைகளின் மூளையைச் சீவி, சாயம் ஏற்றி, மணிக்கணக்கில் பார்த்தார். பார்த்ததை வரைந்தார். 1888-இல் அவர் கண்ட முடிவு: நரம்பு மண்டலம் தனித்தனிச் செல்களால் ஆனது. அவை ஒன்றையொன்று நெருங்கி நிற்கின்றன, ஆனால் ஒன்றாக ஒட்டிக்கொள்ளவில்லை.

1906-இல் கஹாலுக்கும் கோல்கிக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், தொடர்ச்சியான வலை என்ற பழைய கருத்தைத்தான் கோல்கி அப்போதும் ஆதரித்தார். இருவர் முன்னும் இருந்தது ஒரே சாயம்தான். ஆனால் கஹாலிடம், உள்ளதை உள்ளபடி பார்த்து வரையும் ஓவியக் கண் இருந்தது. அவர் வரைந்த படங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. வாசல் வழியே விரட்டிய ஓவியம் கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துகொண்டது!

கணக்கு அலுவலகமும் ஆய்வுக்கூடமும்

நம் ஊர்க்காரர் ஒருவரைப் பார்ப்போம். 1888-இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன். சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போதே, 1906-இல், அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் வெளியாயிற்று. அவர் மனம் இயற்பியலில் இருந்தது. ஆனால் அந்த நாளில் ஓர் இந்திய இளைஞர் ஆராய்ச்சி செய்து பிழைப்பதற்கு இங்கே வழி இல்லை என்றே சொல்லலாம். ஆகவே அரசாங்கத்தின் நிதித்துறைத் தேர்வை எழுதினார். 1907-இல், 18 வயதில், கல்கத்தாவில் கணக்குத்துறை அதிகாரியாகப் பதவி ஏற்றார்.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். நல்ல சம்பளம், நல்ல பதவி. ஆனால் கல்கத்தாவின் பவ்பஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்ற நிறுவனம் இருப்பதை ராமன் பார்த்தார். மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876-இல் தொடங்கிய நிறுவனம் அது. ராமன் அங்கே போய் அனுமதி பெற்றார். காலையில் ஆய்வுக்கூடம், பகலில் அலுவலகம், மாலையில் மறுபடி ஆய்வுக்கூடம் என்று பத்தாண்டுகள் ஓடின. நடுவே ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகிப் போனபோதும் அவர் ஆராய்ச்சியை விடவில்லை.

1917-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. சம்பளம் முன்பைவிடக் குறைவு. இருந்தும் அரசாங்க வேலையை விட்டுவிட்டுப் போனார். 1928 பிப்ரவரி 28-இல் ராமன் விளைவைக் கண்டுபிடித்ததும், 1930-இல் நோபல் பரிசு பெற்றதும் நீங்கள் அறிந்ததே. அவருக்கு இன்னோர் ஆசையும் உண்டு, இசை. அதையும் ஆய்வுக்கூடத்துக்கே கூட்டிக்கொண்டு போனார்! சாதாரண மேளத்தில் இனிய சுரம் எழாது. மிருதங்கத்தில் மட்டும் ஏன் எழுகிறது? தோலின் நடுவே அப்பியிருக்கும் கருப்புப் பூச்சுதான் தோலின் அதிர்வை ஒழுங்குபடுத்துகிறது என்று விளக்கினார்.

குடும்பத்துக்கு உடனே வருமானம் வேண்டும் என்ற நிலையில் இருக்கும் மாணவர்கள் ராமனின் இந்தப் பத்தாண்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பாதிக்கும் வேலை ஒன்று, மனம் விரும்பும் வேலை ஒன்று என்று சில காலம் இருப்பதில் குறைவு ஒன்றும் இல்லை. மாலை நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் இருந்தால் போதும்.

இரண்டையும் விடாதவர் கொடுத்த விலை

"அப்படியானால் எதையும் விடாமல் எல்லாவற்றையும் சரிசமமாகச் செய்துகொண்டே இருந்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். அப்படியும் ஒருவர் இருந்தார். ரஷ்யாவைச் சேர்ந்த அலெக்சாண்டர் போரடின். 1833-இல் பிறந்தவர். மருத்துவம் படித்து, வேதியியல் பேராசிரியர் ஆனார். ஆல்டால் வினை என்று கல்லூரி வேதியியலில் ஒன்று வரும். அதை 1872-இல் கண்டறிந்தவர்களில் இவர் ஒருவர். அதே ஆண்டில் பெண்களுக்கு மருத்துவக் கல்வி தொடங்க உதவியவர்களிலும் ஒருவர். அதோடு, ரஷ்யாவின் பெரிய இசையமைப்பாளர்களிலும் ஒருவர்!

கேட்கவே ஆனந்தமாக இருக்கிறது. ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பாட்டில் பொழுதைப் போக்குகிறாரே என்று அவருடைய வேதியியல் ஆசிரியர் வருத்தப்பட்டார். இசைக்கு நேரம் ஒதுக்கவில்லையே என்று இசை நண்பர்கள் வருத்தப்பட்டார்கள். காய்ச்சல் வந்து வீட்டில் கிடக்கும் நாள்களில்தான் அவரால் நிம்மதியாக இசை எழுத முடிந்தது. 'இளவரசர் இகோர்' என்ற இசை நாடகத்தை 1869-இல் தொடங்கினார். 1887-இல் திடீரென்று இறந்தபோது, 18 ஆண்டுகள் ஆகியும் அது முடியவில்லை. நண்பர்கள் இருவர் அதை எழுதி முடித்து, 1890-இல் அரங்கேற்றினார்கள்.

போரடின் தவறு செய்தாரா? அப்படிச் சொல்ல மாட்டேன். இரண்டு ஆசைகளையும் சமமாகத் தூக்கி நடந்தார். அதற்கு உரிய விலையையும் கொடுத்தார். ஒரு நாளைக்கு 24 மணிதான். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் ஏதோ ஒன்று குறையும். எது குறைந்தால் உங்களால் தாங்க முடியும் என்பதே கேள்வி.

உங்கள் நோட்டில் நான்கு கேள்விகள்

இனி உங்கள் கணக்கைப் போடுவோம். ஒரு நோட்டை எடுங்கள். உங்கள் ஆசைகளை இடப்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். "எது மிகவும் பிடிக்கும்?" என்ற கேள்வியை ஒதுக்கிவையுங்கள். அதற்கு இன்று ஒரு பதில் வரும், நாளை வேறு பதில் வரும். ஒவ்வோர் ஆசைக்கும் எதிரே இந்த நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

முதல் கேள்வி: இதற்குக் கல்லூரியும் ஆய்வுக்கூடமும் பட்டமும் கட்டாயம் வேண்டுமா? வைட்டமினின் அமைப்பை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. அறுவைச் சிகிச்சையைத் தானாகக் கற்க முடியாது. ஆனால் கதை எழுதவும், பறவைகளைக் கவனிக்கவும், நட்சத்திரங்களைப் பார்க்கவும் எந்தப் பட்டமும் கேட்பதில்லை.

இரண்டாம் கேள்வி: இதைப் பத்து ஆண்டுகள் கழித்துத் தொடங்கலாமா? காஸ் அறுபதுக்கு மேல் ஒரு மொழியைக் கற்றார். எல்லா ஆசைகளும் அப்படிக் காத்திருப்பதில்லை. விளையாட்டு வீரராக வேண்டுமானால் இளமையிலேயே பயிற்சி வேண்டும்.

மூன்றாம் கேள்வி: இதில் உள்ள அலுப்பான வேலையும் பிடிக்கிறதா? எந்தத் தொழிலிலும் மினுக்கும் பகுதி கொஞ்சம், பொறுமை கேட்கும் பகுதி அதிகம். நோபல் பரிசை நினைக்க வேண்டாம். 34 ஆண்டுக் கணக்கை நினையுங்கள்.

நான்காம் கேள்வி: இது என் மற்ற ஆசைகளில் எதற்காவது உதவுமா? கஹாலின் ஓவியமும் ராமனின் இசையும் அப்படி உதவின.

முதல் கேள்விக்கு "ஆம்" என்றும், இரண்டாவதற்கு "இல்லை" என்றும், மூன்றாவதற்கு "ஆம்" என்றும் எந்த ஆசைக்கு எதிரே பதில் வருகிறதோ, அதைப் படிப்பாக எடுத்துக்கொள்வது நல்லது. மற்றவை அழிந்துபோகத் தேவையில்லை. வாரத்தில் ஒரு மாலையை அவற்றுக்கு என்று எழுதிவைத்துவிடுங்கள்.

குரூப் எடுக்கும்போது

பதினைந்து வயதில் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் சில வழிகளில் போய்விட்டால் திரும்புவது கடினம். அதை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவம் படிக்க உயிரியல் வேண்டும். பெரும்பாலான பொறியியல் படிப்புகளுக்குக் கணிதம் வேண்டும். இரண்டிலும் ஆசை உள்ளவர், இயற்பியல், வேதியியலோடு கணிதமும் உயிரியலும் சேர்ந்த குரூப்பை எடுத்தால் இரண்டு ஆண்டுகள் யோசிக்க அவகாசம் கிடைக்கும். பாடச் சுமை கூடும் என்பதையும் மறைக்க வேண்டாம். இலக்கியம், வரலாறு, சட்டம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் எந்தக் குரூப்பிலிருந்தும் போகலாம். விதிகள் மாறுவதுண்டு. ஆகவே உங்கள் தலைமை ஆசிரியரிடமோ, அந்தக் கல்லூரியில் படிக்கும் அண்ணன், அக்காவிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. இந்த விடுமுறையில் உங்கள் முதல் இரண்டு ஆசைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம், நாளுக்கு இரண்டு மணி நேரம். ஒன்றில் கடினமான கணக்கு ஒன்றை எடுத்துப் போராடுங்கள். மற்றொன்றில் ஒரு வேலையைத் தொடங்கி, முழுவதும் முடியுங்கள். ஒவ்வொரு நாளும் முடிவில் ஒரு வரி எழுதுங்கள்: மணி போனதே தெரியவில்லையா, அல்லது எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்த்தீர்களா?

மாதம் முடிந்ததும் அந்த வரிகளைச் சேர்த்துப் படியுங்கள். அதன்பின் அப்பா, அம்மாவிடம் அந்த நோட்டைக் காட்டிப் பேசுங்கள். "எனக்குப் பிடிக்கும்" என்று சும்மா சொல்வதைவிட, ஒரு மாதம் செய்து பார்த்துச் சொல்கிற சொல்லுக்கு வலிமை அதிகம். அடுத்த முறை மாமா கேட்கும்போது உங்களிடம் பதில் தயாராக இருக்கும்!